லிஃப்டில் ஏறும்போது மஞ்சள், இறங்கும்போது பச்சை

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் கடையில் கறுப்புத் துணிதான். மலைக்கு மாலை போட்டவர்களின் சட்டை, சின்னப் பையன்களின் டிரவுசர், வேட்டிக்கு ஓரம் அடிப்பது என்று பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை முழுக்கவே கறுப்பாகிவிடும். அந்த நெரிசலில்தான் அக்கா பையன் கோயம்புத்தூரிலிருந்து வந்து நின்றான்.

“சின்னம்மா, ஒரு சட்டை வேணுங்க. ஜனவரில பெங்களூர் காமிக் கானுக்குப் போறேன். கேப்டன் கிர்க் சட்டை. அச்சு அசலா இருக்கோணும்.”

காமிக் கான் என்றால் கதைப் பாத்திரங்களைப் போல உடை போட்டுக்கொண்டு ரசிகர்கள் கூடுகிற விழாவாம். யார் அந்தக் கேப்டன் என்று கேட்டேன். 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடர், கப்பலின் கேப்டனாக நடித்தவர் வில்லியம் ஷாட்னர், உடைகளை வடிவமைத்தவர் வில்லியம் வேர் தீஸ் என்று மூச்சு விடாமல் சொன்னான். போனில் நாற்பது படம் வைத்திருந்தான். மஞ்சள் சட்டை, கறுப்புக் கழுத்து, கையில் தங்க லேஸ். இதைத் தைக்க ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினோரு வருடம் சாம்பிள் டெய்லராக இருந்தவள் நான். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் ஒரு சட்டையைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று தைப்பதுதான் வேலை. அளவு சார்ட்டில் அரை சென்டிமீட்டர் தவறினால் திரும்பி வரும். அந்தப் பழக்கத்தில் படங்களை என் மகளின் லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்தாவது படத்திலேயே தலை சுற்றியது. ஒன்றில் கை மணிக்கட்டை மூடியிருக்கிறது. இன்னொன்றில் மணிக்கட்டு எலும்பு தெரிகிறது. ஒன்றில் சட்டை இடுப்புக்குக் கீழே நிற்கிறது, இன்னொன்றில் மேலே ஏறி நிற்கிறது. ஒன்றில் துணி மயிர் வைத்த வெலூர், இன்னொன்றில் வழுவழுப்பான நிட், அதாவது பின்னல் துணி. அப்புறம் ஒரு படத்தில் சட்டையே பச்சை, முன்பக்கம் மார்பின் மேல் மடித்துக் கட்டிய வேறு மாடல்.

“டேய் சாமி, அச்சு அசல்னு சொன்னியே, இதுல எது அச்சு, எது அசல்?”

அவன் சிரித்துக்கொண்டே ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினான். ‘சார்லி எக்ஸ்’ என்ற எபிசோடு, 1966 செப்டம்பர் 15-ல் ஒளிபரப்பானது. கேப்டன் ஒரு பையனுடன் லிஃப்டில் ஏறுகிறார், மஞ்சள் சட்டை. மேலே போய் இறங்குகிறார், பச்சை மடிப்புச் சட்டை. லிஃப்டுக்குள் சட்டை மாற்றிக்கொள்ள நேரமே இல்லை. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு துண்டுகளை ஒட்டியதில் வந்த பிசகு இது. அடுத்த வாரம், செப்டம்பர் 22-ல், இன்னும் பெரிய கூத்து. முந்தின வருடமே எடுத்து வைத்திருந்த இரண்டாவது பைலட்டை, அதாவது மாதிரிக்கு எடுத்த எபிசோடை, மூன்றாவது எபிசோடாகப் போட்டார்கள். அதில் எல்லோருக்கும் பழைய யூனிஃபார்ம். கழுத்தே வேறு, சிவப்புச் சட்டையே கிடையாது, எப்போதும் நீலத்தில் வரும் ஸ்பாக் என்ற துணை அதிகாரி அதில் மஞ்சளில் வருகிறார். இரண்டு வாரம் புது உடை, மூன்றாவது வாரம் பழைய உடை. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற முதல் வாரம் மாதிரி. இங்கே ஒரே பள்ளிக்கு நானும் தைக்கிறேன், எதிர்க்கடை அண்ணனும் தைக்கிறார், சித்தூரில் இரண்டு பேர் தைக்கிறார்கள். அசெம்பிளியில் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தால் காலர் முனையைப் பார்த்தே எந்தக் கடை என்று சொல்லிவிடுவேன்.

சரி, முதலில் துணி. முதல் இரண்டு சீசனுக்கும் வெலூர், 1968-ல் தொடங்கிய மூன்றாவது சீசனுக்கு நைலான் டபுள் நிட். மாற்றியதற்குக் காரணம், வெலூர் ஒவ்வொரு முறை சலவைக்குப் போய் வரும்போதும் சுருங்கியதுதான். இதைக் கேட்டதும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. மணிக்கட்டு தெரியும் சட்டை தப்பாக வெட்டிய சட்டை இல்லை. நாலு சலவை பார்த்த சட்டை. ரசிகர்கள் பிழை என்று குறித்து வைத்திருப்பதில் பாதி, தையலறையில் யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து சமாளித்த வேலையின் தடம். ஓரம் இறக்கியது, பிரித்துத் தைத்தது, வேறு ஆளுக்குப் பிடித்துக் கொடுத்தது. எனக்கு அந்தத் தடங்களைத்தான் பார்க்கப் பிடித்திருந்தது. கதை மண்டையில் ஏறவில்லை, பச்சை ரத்தம் ஓடுகிற அந்த ஸ்பாக்கைப் பற்றி அவன் அரை மணி நேரம் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டேன், அவ்வளவுதான்.

முதல் சீசன் வெலூர் சட்டையையே தைப்பது என்று முடிவு. அடுத்தது கலர். இதில்தான் எங்களுக்குள் சண்டை. அவனுக்கு மஞ்சள் வேண்டும். ஆனால் அவனே சொன்னான், தீஸ் தைக்க எடுத்த துணி பச்சை என்று. ஸ்டுடியோ விளக்கின் வெளிச்சமும் அந்தக் காலத்து ஃபிலிமும் சேர்ந்து வெலூரின் பச்சையைப் பொன் நிறமாகக் காட்டிவிட்டன. அந்த மடிப்புச் சட்டையும் விழாக்களுக்குப் போடும் பளபளப்புச் சட்டையும் வேறு துணி என்பதால் அவற்றின் பச்சை பச்சையாகவே விழுந்தது. ஆக லிஃப்டில் மாறியது சட்டை, கலர் அல்ல. தையலறையில் இரண்டும் பச்சைதான்.

“அப்படின்னா பச்சைல தைக்கறதுதானே அசல்?”

“பச்சைல போனா ஒருத்தனுக்கும் கிர்க்குன்னு தெரியாதுங்க.”

பேச்சை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனேன். அங்கே நிட் துணி கிலோக் கணக்கு. முற்றியும் முற்றாத மாங்காய்த் தோல் நிறத்தில், மஞ்சள் ஓடிய பச்சையில் ஒரு வெலூர் ரோலில் மிச்சம் கிடந்தது. ஒன்றே கால் கிலோ எடுத்தேன், இரண்டு சட்டைக்குத் தாராளமாக வரும். வீட்டில் டியூப் லைட்டின் கீழே அது பச்சை. பக்கத்து வீட்டுத் தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவர், அவரிடம் ஒரு பழைய ஹாலஜன் விளக்கு இருந்தது. அதைப் போட்டு போனில் எடுத்துப் பார்த்தால் துணி கடுகு மஞ்சள். நிற்கிற மயிரெல்லாம் விளக்கு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மஞ்சளாகத் திருப்பி அனுப்புகிறது. அதே நிறத்தில் ஜாக்கெட் தைத்த சாட்டின் துண்டு ஒன்று கிடந்தது, அதையும் பக்கத்தில் வைத்தேன். சாட்டின் பச்சையாகவே நின்றது. பையன் வாயடைத்துப் போனான். சட்டை பச்சை வெலூரில் என்று முடிவானது.

துணி வந்ததும் உடனே சட்டையை வெட்டவில்லை. 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, நான்கு மூலையிலும் நூலால் குறி வைத்து, துவைத்துக் காயப்போட்டேன். டிசம்பரில் எங்கள் பக்கம் கிழக்கிலிருந்து கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்கு வெயிலே வேண்டாம், ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. முதல் துவைப்பில் நீளம் 48 ஆனது. இரண்டாவதில் 47.3. மூன்றாவதில் 47. மொத்தம் 6 சதவீதம். அகலம் ஒரு சென்டிமீட்டர்தான் குறைந்தது. சுருக்கம் முக்கால்வாசி நீளவாட்டில் போகிறது, அதனால்தான் கையும் உடம்பும் ஏறுகின்றன, சுற்றளவு அவ்வளவாக மாறுவதில்லை. முழுத் துணியையும் ஒரு முறை துவைத்து எடுத்தேன். இன்னும் இரண்டு சதவீதம் சுருங்கும் என்று கணக்கு வைத்து, கை முனையிலும் கீழ் ஓரத்திலும் 4 சென்டிமீட்டர் உள்ளே மடித்து விடுவதாக முடிவு செய்தேன்.

வெலூர் வெட்டுவதில் ஒரு சனியன் இருக்கிறது. மயிர் ஒரு பக்கமாகப் படியும். கையால் தடவினால் கீழ்நோக்கி வழவழவென்று போகும், மேல்நோக்கி முரடும். மேல்நோக்கி நிற்குமாறு வெட்டினால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி வெட்டினால் வெளுத்துப் பளபளக்கும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இடது கையைத் தலைகீழாக வெட்டினேன். அன்றைக்கு மலைக்குப் போகிற கூட்டத்துக்கு ஒன்பது சட்டை முடிக்க வேண்டியிருந்தது, துணியை மிச்சம் பிடிக்கலாம் என்று கையை எதிர்த் திசையில் வைத்து வெட்டிவிட்டேன். கடைக்குள் ஒன்றும் தெரியவில்லை. தைத்து முடித்து வாசலுக்குக் கொண்டு வந்ததும் வலது கை மாங்காய், இடது கை எலுமிச்சை. ஓணத்துக்கு நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் டீச்சர் அந்த நேரம் பார்த்து வந்து, “சேச்சி, இது ரெண்டு துணியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது சட்டைக்கு என்று வைத்திருந்த துணியிலிருந்து புதிதாக ஒரு கை வெட்டினேன்.

தைக்கும்போது இன்னொரு தொல்லை. வெலூரும் வெலூரும் முகத்தோடு முகம் வைத்தால் மேல் துணி நடந்துவிடும். பத்து சென்டிமீட்டர் தைப்பதற்குள் மேலது அரை சென்டிமீட்டர் முன்னால் போயிருக்கும். பின் குத்தினால் போதாது, கையால் ஓட்டுத் தையல் போட்டே ஆக வேண்டும். பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைத் தளர்த்தினேன், 11-ம் நம்பர் பால்பாயின்ட் ஊசி, குறுகிய ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் தலை வழியாகப் போடும்போது நூல் அறுந்துவிடும். கழுத்துச் சுற்று 46 சென்டிமீட்டர், கறுப்பு ரிப்பை 39-க்கு வெட்டி இழுத்துப் பிடித்துத் தைத்தேன், நன்றாக உட்கார்ந்தது. ஜிப் மறைந்திருக்கட்டும் என்று இடது தோளோரத் தையலுக்குள் வைத்தேன். அது ஒரே தடவையில் வந்தது, பெருமையாக இருந்தது. இஸ்திரி மட்டும் நேராக வைக்கவே கூடாது. துவாலையைக் கீழே விரித்து, முகத்தைக் கவிழ்த்து, ஆவி மட்டும் காட்ட வேண்டும். ஒரு இடத்தில் பெட்டியின் முனை பட்டு வழித்தது போல் அமுங்கிவிட்டது, கெட்டில் ஆவியைக் காட்டிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எழுப்பினேன்.

அப்புறம் கை லேஸ். கேப்டனுக்கு மூன்று வரிசை. மேலும் கீழும் முழு லேஸ், நடுவில் விட்டு விட்டு வரும் துண்டு லேஸ். இதுதான் பதவிக் குறி, இதில் தவறினால் கேப்டன் லெஃப்டினன்ட் ஆகிவிடுவார். ஜரிகை லேஸ் இழுபடாது, கை இழுபடும் துணி. அடியில் பழைய பில் புத்தகத் தாளை வைத்துத் தைத்துவிட்டு, தாளைக் கிழித்து எடுத்தேன். சுருக்கமே விழவில்லை. திருப்தியாகப் பையனைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கை முனையில் வந்து அவன் கை நின்றுவிட்டது. உள்ளே போகவே இல்லை. மணிக்கட்டுக்கு 22 சென்டிமீட்டர் என்று அளவெடுத்து லேஸை வளையமாக மூடித் தைத்திருக்கிறேன். அவன் முஷ்டியின் சுற்றளவு 24. துணி இழுபட்டுக் கொடுக்கும், லேஸ் கொடுக்குமா? சாம்பிள் செக்‌ஷனில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

ஆறு வரிசையையும் பிரித்தேன். இந்த முறை கையின் உள்பக்கத் தையலில் வளையத்தை மூடாமல் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, லேஸின் முனைகளை உள்ளே மடித்து நிறுத்தினேன். கையை நுழைக்கும்போது அந்த இடைவெளி விரியும். தொங்கவிட்டால் உடம்புப் பக்கம் திரும்பி மறைந்துவிடும். வலது கையில் இடைவெளி சரியாக வந்தது, இடது கையில் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிட்டது. விட்டுவிட்டேன். நாற்பது படத்தையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகு அரை சென்டிமீட்டருக்கு நான் அழுவதாக இல்லை.

இடையில் பையன் தொடரின் மற்ற பிறவிகளையும் காட்டினான். 1987-ல் அடுத்த தலைமுறைத் தொடர் வந்தபோது தீஸ் உடம்போடு ஒட்டிய ஸ்பாண்டெக்ஸில் ஒற்றைத் துண்டு உடை தைத்திருக்கிறார். சுருக்கமே தெரியக் கூடாது என்று ஒரு அளவு சின்னதாக. நாள் முழுக்க அதைப் போட்டு நின்ற நடிகர்களுக்கு முதுகு வலி வந்துவிட்டது. 1989-ல் மூன்றாவது சீசனுக்கு ராபர்ட் பிளாக்மேன் வந்து முக்கிய ஆண் நடிகர்களுக்குக் கம்பளி கபர்டீனில் காலர் வைத்த டூ பீஸாக மாற்றினார். ஆனால் பின்னால் நடந்து போகிறவர்களுக்கு? அதே பழைய ஸ்பாண்டெக்ஸ், ஒரு காலரை மட்டும் ஒட்டிக்கொண்டு. இதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் கல்யாணங்களில் மேடையில் நிற்கிறவர்களுக்குப் பட்டு, பந்தி பரிமாறுகிற பையன்களுக்குப் போன வருடத்துச் சட்டை. அந்தக் கப்பலின் கேப்டனாக வரும் பேட்ரிக் ஸ்டூவர்ட் உட்காரும்போதும் எழும்போதும் சட்டையைக் கீழே இழுத்து விடுகிறார். ரசிகர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்களாம். டூ பீஸில் மேல் சட்டை உட்கார்ந்தால் ஏறத்தான் செய்யும். முண்டாவையும், அதாவது கை பொருத்துகிற வளைவையும், இறக்கி வெட்டியிருந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் கூடவே உடம்பும் ஏறும். அக்குளை ஒட்டி முண்டா வைத்தால் போடும்போது பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் கை தனியாக அசையும். இதைச் சொன்னால் இங்கே யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் முண்டா லூஸாக வேண்டும்.

இன்னொன்றும் மனதில் நின்றது. 1979-ல் வந்த முதல் திரைப்படத்துக்கு ராபர்ட் ஃபிளெட்சர் தைத்தது வெளிறிய சாம்பல், பழுப்பு உடைகள். பைஜாமா மாதிரி, காலணியும் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்தது. 1982-ல் இரண்டாவது படத்துக்குப் பணம் குறைவு. பழைய உடைகளை எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று சாயம்தான் நன்றாகப் பிடித்தது, அதில் ஒன்று அடர் சிவப்பு. அந்தச் சிவப்பில்தான் அந்தப் படத்தின் கப்பற்படையே நிற்கிறது, பழைய உடைகள் சிவப்பேறிப் பயிற்சி மாணவர்கள் மேல் வருகின்றன. பெரிய கற்பனை என்று நினைத்துப் பார்த்தேன், கடைசியில் சாயத் தொட்டியில் எது பிடித்ததோ அது. நெசவுக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

சட்டை டிசம்பர் கடைசியில் முடிந்தது. மார்பு பேட்ஜைக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் போட்டு வாங்கி வந்தான். பேன்ட் கறுப்பு, அதற்குத் துணி தேடவே வேண்டாம், கடை முழுக்க அதுதானே. கணுக்காலுக்கு மேலே நிறுத்தி முனையைக் கொஞ்சம் அகட்டி வைத்தேன். பெங்களூரிலிருந்து இரண்டு படம் அனுப்பினான். அரங்கத்துக்குள் மேடை விளக்கில் கடுகு மஞ்சள். வெளியே பார்க்கிங்கில் மாங்காய்.

பிப்ரவரியில் சட்டையோடு திரும்பி வந்தான். ஹாஸ்டல் வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு, டிரையரிலும் சுற்றியிருக்கிறான். கை இரண்டரை சென்டிமீட்டர் ஏறி, மணிக்கட்டு எலும்பு பளிச்சென்று தெரிந்தது.

“மார்ச்சுல காலேஜ்ல ஃபெஸ்டுங்க சின்னம்மா.”

உள்ளே 4 சென்டிமீட்டர் மடிப்பு இருக்கிறது. ஓரத்தைப் பிரித்து இரண்டரை இறக்கியாயிற்று. இறக்கியதும் லேஸ் மூன்று வரிசையும் முனையிலிருந்து தள்ளி மேலே நின்றன. அதனால் லேஸையும் பிரித்துக் கீழே கொண்டு வந்தேன். பழைய இடத்தில் மயிர் அமுங்கி மூன்று கோடும், ஊசித் துளை வரிசையும் இருக்கின்றன. கெட்டில் ஆவியும் பிரஷும் காட்டினேன், பாதி எழும்பியது. மடிப்புக்குள் இருந்த பகுதி வெளுக்காமல் அசல் பச்சையாகவே இருக்கிறது, முழங்கைப் பக்கம் ஒரு நிறம், முனையில் ஒரு நிறம். நடு வரிசைத் துண்டு லேஸில் இடது கையில் ஒரு துண்டு குறைகிறது, பிரிக்கும்போது எங்கோ விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் போகும்போது லேஸ் வாங்க வேண்டும், அதே லேஸ் கிடைத்தால்.